துணி துவைத்த தண்ணீரில் கிடைத்த விடை: அக்லிலு லெம்மாவின் வாழ்க்கை

வாய்க்காலில் கால் வைக்காமல் நீங்கள் விவசாயம் செய்ய முடியாது. மடை திறக்க, நாற்று நட, களை எடுக்க, மாட்டைக் குளிப்பாட்ட என்று எதற்கும் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறங்குவதே நோய்க்கு வழி என்றால் என்ன செய்வீர்கள்?

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் விவசாயிகளுக்கு இது அன்றாடக் கேள்வி. பில்ஹார்சியா என்ற நோய் அங்கே ஓடைகளிலும் பாசனக் கால்வாய்களிலும் காத்திருக்கிறது. அதைப் பரப்புவது ஒரு சிறிய நன்னீர் நத்தை. அந்த நத்தையை ஒழிக்க ஒரு கொடியின் காய் போதும் என்று கண்டறிந்து, அதை உலகம் ஏற்க வேண்டும் என்பதற்காகத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எத்தியோப்பிய விஞ்ஞானி அக்லிலு லெம்மா. அவருடைய கதையில் மூலிகைப் பூச்சிவிரட்டி தயாரிக்கும் உங்களுக்கும், உங்களைத் தேடி வரும் வேளாண் அலுவலர்களுக்கும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நத்தைக்குள் வளரும் நோய்

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். பில்ஹார்சியாவை உண்டாக்குவது ஒரு வகைத் தட்டைப்புழு. 1851-ல் எகிப்தின் கெய்ரோ நகரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் இதைக் கண்டுபிடித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் புழு மனிதனின் குடலையோ சிறுநீர்ப்பையையோ சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்திலோ சிறுநீரிலோ வெளியேறுகின்றன. அவை ஓடையில் கலந்தால் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத இளம் உயிரி வெளிவரும். அது சில மணி நேரத்துக்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே புக வேண்டும். இல்லையென்றால் செத்துவிடும். நத்தைக்குள் புகுந்துவிட்டால் ஒன்று ஆயிரமாகப் பெருகும். சில வாரங்கள் கழித்து நத்தையிலிருந்து தினமும் ஏராளமான புழுக்குஞ்சுகள் தண்ணீருக்குள் நீந்தி வரும். அந்த நேரத்தில் தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு அவை உள்ளே போய்விடும். காலில் காயம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நோய் உடனே ஆளைக் கொல்லாது. ஆனால் உடலில் தங்கும் முட்டைகள் ஈரலையும் குடலையும் சிறுநீர்ப்பையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். ரத்தசோகை வரும். வயிறு ஊதும். குழந்தை வளராது, பள்ளிக்கூடத்தில் மனம் நிற்காது. பெரியவர்களுக்கு வயலில் பாதி நாள் வேலை செய்யவே தெம்பு இருக்காது. அணையும் கால்வாயும் வந்த இடங்களில் நத்தையும் வந்தது, நோயும் கூடவே வந்தது. பாசனம் பெருகப் பெருக நோயும் பெருகியது என்பதுதான் வேதனை.

1960-களில் இதற்குக் கொடுத்த மருந்துகள் பெரும்பாலும் ஆன்டிமனி உலோகம் கலந்த ஊசிகள். பக்கவிளைவுகள் கடுமையானவை. குணமானவரும் மறுபடி அதே ஓடையில்தான் இறங்க வேண்டும், மறுபடி நோய் பிடிக்கும். ஆகவே நோய்ச் சங்கிலியை நத்தையிடத்தில் அறுப்பதே நல்லது என்று பலரும் கருதினார்கள். அதற்கு மயில்துத்தத்தையும், பிறகு நிக்லோசமைடு போன்ற ரசாயனங்களையும் தண்ணீரில் கலந்தார்கள். இவற்றை ஏழை நாடுகள் அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

அட்வா ஓடைக்கரையில்

அக்லிலு லெம்மா 1935-ல் எத்தியோப்பியாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்குச் சென்று படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படித்து முடித்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவது வழக்கம். அவர் ஊருக்குத் திரும்பினார்.

1964-ல் அவருக்கு வயது 29. நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் அட்வா என்று ஓர் ஊர் உண்டு. 1896-ல் எத்தியோப்பியர்கள் இத்தாலியப் படையைத் தோற்கடித்த ஊர் என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்த ஊரில் பில்ஹார்சியா அதிகம். எந்த ஓடையில் எந்த நத்தை எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க லெம்மா அங்கே போனார்.

ஓடை நெடுக நத்தை பொறுக்கிக்கொண்டே நடந்தவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, தண்ணீர் ஓடிவரும் பக்கத்தில், மற்ற எந்த இடத்தையும்விட அதிகமாக நத்தைகள் செத்துக் கிடந்தன.

அந்தப் பெண்கள் கடைச் சோப்பு போடவில்லை. எண்டோடு என்ற கொடியின் காய்களைக் காயவைத்து, பொடித்து, தண்ணீரில் கரைத்து நுரை எழுப்பித் துவைத்தார்கள். நம் வீட்டில் பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டையும் தலைக்குச் சீயக்காயும் போடுவதைப் போலத்தான். எத்தியோப்பியாவில் தலைமுறை தலைமுறையாக எண்டோடுதான் சோப்பு.

லெம்மா உயிருள்ள சில நத்தைகளை ஒரு பாத்திரத்தில் போட்டார். அந்த நுரைத் தண்ணீரைக் கொஞ்சம் அதில் விடும்படி ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்த அம்மா விட்டார். நத்தைகள் சுருங்கின, சிறிது நேரத்தில் செத்தன.

கோடிக்கணக்கில் செலவாகும் ஆய்வு எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாத்திரம் ஒன்று, நத்தை சில, துவைத்த தண்ணீர் கொஞ்சம். ஆனால் செத்த நத்தையைப் பார்த்ததும் தலையைத் தூக்கி மேலே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாரே, கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது.

காயில் என்ன இருக்கிறது?

தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் திரும்பிய லெம்மா, காயை முறையாகச் சோதித்தார். 1965-ல் எத்தியோப்பிய மருத்துவ இதழில் முதல் அறிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோய்களை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

எண்டோடின் தாவரவியல் பெயர் பைட்டோலக்கா டோடெகாண்ட்ரா. மேட்டு நிலங்களில் புதராகவும் கொடியாகவும் படரும். பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்களில் சப்போனின் என்ற பொருள் நிறைய உண்டு. நுரை வருவதும் அதனால்தான், நத்தை சாவதும் அதனால்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் லெம்மாவும் அங்குள்ள வேதியியலாளர்களும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சப்போனினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு லெம்மாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

ஆய்வகத்தில் 10 லட்சம் பங்கு தண்ணீருக்கு 10 முதல் 20 பங்கு காய்ப்பொடி கலந்தாலே ஒரு நாளுக்குள் நத்தைகள் செத்தன. அதாவது 1,000 லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். ஓரிரு நாளில் அதன் வீரியம் தண்ணீரில் தானாகவே அழிந்துவிடும். மயில்துத்தத்தைப் போல மண்ணில் தங்காது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு மிகவும் பயன்படும். காய்க்குள் இருக்கும் சப்போனின் அப்படியே நத்தையைக் கொல்வதில்லை. காயை இடித்துப் பச்சைத் தண்ணீரில் கரைக்கும்போது, காயிலேயே உள்ள ஒரு நொதி அதை வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. சூடுபடுத்தினால் நொதி செத்துவிடும், கரைசல் சரியாக வேலை செய்யாது. முற்றிப் பழுத்த பழத்தைவிடப் பழுக்காத பச்சைக் காயில் வீரியம் அதிகம். மூலிகைக் கரைசல் தயாரிக்கும்போது எந்தப் பருவத்தில் பறித்தோம், எப்படி ஊறவைத்தோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஒரே செடி ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஐந்தாண்டு சோதனை

பாத்திரத்தில் நத்தை செத்தால் போதுமா? ஊரில் நோய் குறைய வேண்டாமா? 1969 முதல் 1974 வரை அட்வாவிலேயே அந்தச் சோதனை நடந்தது. ஓடைகளில் எண்டோடுப் பொடியை முறையாகக் கலந்தார்கள். மக்களுக்கு மலப் பரிசோதனை செய்து பார்த்தார்கள்.

தொடக்கத்தில் ஊர் மக்களில் 63 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு 33 சதவீதம். ஊர் முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உண்மையான வெற்றி சிறு குழந்தைகளிடம் தெரிந்தது. அவர்களில் 50 சதவீதமாக இருந்த நோய் 7 சதவீதத்துக்கு இறங்கியது. ஏன் இந்த வித்தியாசம்? பெரியவர்கள் உடலில் பழைய புழு பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். குழந்தைகளுக்கு வருவது புதிய தொற்று. குழந்தைகளிடம் நோய் குறைந்தது என்றால் ஓடையில் புதிதாகப் பரவுவது நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

மூடிய கதவுகள்

இவ்வளவு நல்ல முடிவு வந்த பிறகு உலகம் ஓடிவந்து வாங்கிக்கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை.

தண்ணீரில் கலக்கும் எந்தப் பொருளுக்கும் சர்வதேச முறைப்படி நச்சுத்தன்மை ஆய்வு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அதே தண்ணீரை மனிதர் குடிக்கிறார்கள், மாடு குடிக்கிறது. ஆனால் அத்தகைய ஆய்வை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். அதற்குரிய ஆய்வகமும் பணமும் எத்தியோப்பியாவில் இல்லை. ரசாயன நிறுவனம் தன் பொருளுக்கு அந்தச் செலவைச் செய்யும், விற்று எடுத்துவிடும். வேலியோரத்தில் முளைக்கும் செடிக்கு யார் செலவழிப்பார்கள்? லெம்மாவின் மனத்தில் நெடுநாள் இருந்த குறை இன்னொன்று. ஏழை நாட்டு ஆய்வகத்திலிருந்து வரும் முடிவைப் பணக்கார நாடுகள் எளிதில் நம்புவதில்லை என்பதை அவர் பல மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார்.

இதற்கிடையே 1974-ல் எத்தியோப்பியாவில் பேரரசர் ஆட்சி கவிழ்ந்து ராணுவம் ஆட்சிக்கு வந்தது. லெம்மா நாட்டை விட்டு ஐக்கிய நாடுகள் சபைப் பணிக்குப் போனார். வளரும் நாடுகளின் அறிவியல் வளர்ச்சிக்கான பணிகளைப் பார்த்தார். பிறகு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள யுனிசெஃப் குழந்தைகள் மேம்பாட்டு மையத்தின் துணை இயக்குநராக இருந்தார். எங்கே போனாலும் எண்டோடை அவர் விடவில்லை.

வயலில் நின்ற தோழர்

லெம்மா வெளிநாட்டில் வாதாடிக்கொண்டிருந்தபோது, உள்நாட்டில் செடியைக் கவனித்தவர் லெகெசே வோல்டே யோஹானஸ். இவரைப் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை முடியாது.

காட்டில் பறிக்கும் காயை நம்பி ஒரு நாட்டின் ஓடைகளுக்கு மருந்து போட முடியாது. ஒரு கொடியில் வீரியம் அதிகம், ஒன்றில் குறைவு. ஒன்றில் காய் நிறைய, ஒன்றைப் பூச்சி அரித்துவிடும். லெகெசே நாடெங்கும் சுற்றிப் பல வகைகளைச் சேகரித்தார். ஒரே இடத்தில் நட்டு, விளைச்சல், வீரியம், பூச்சியைத் தாங்கும் திறன் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார். கடைசியில் 44 என்ற எண் கொண்ட வகை முன்னுக்கு வந்தது. அதைப் பதியன்களாகப் பெருக்கிப் பயிராகவே சாகுபடி செய்யலாம் என்று காட்டினார். ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பு வயலுக்கு வந்தது அவரால்தான்.

லெம்மாவின் நோக்கமும் அதுவே. ஊர் மக்களே எண்டோடு பயிரிட வேண்டும், அவர்களே பொடித்து அவர்கள் ஓடையிலேயே போட வேண்டும், இறக்குமதிக்குக் கைநீட்டக் கூடாது என்பது அவர் கனவு. 1983-ல் ஜாம்பியாவின் லுசாகாவிலும், 1986-ல் ஸ்வாசிலாந்தின் ம்பாபானேவிலும் எண்டோடுக்கென்றே சர்வதேசப் பயிலரங்குகள் கூடின. ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் ஆப்பிரிக்கச் செடியைப் பற்றி ஆப்பிரிக்க மண்ணில் பேசினார்கள்.

அதன் பிறகு கனடாவின் நிதி உதவியுடன் நச்சுத்தன்மை ஆய்வும் நடந்தது. கண்ணில் பட்டால் எரிச்சல் தரும் என்பதைத் தவிர, பாலூட்டிகளுக்கு அது பெரும் ஆபத்தில்லை என்று தெரிந்தது. ஓடைக்கரையில் நத்தையைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஆய்வு முடிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

1989-ல் லெம்மாவுக்கும் லெகெசேவுக்கும் சேர்த்து ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மாற்று நோபல் பரிசு என்று மக்கள் அழைப்பது இதைத்தான்.

காப்புரிமை யாருக்கு?

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அந்த நாட்களில் அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் வரிச்சிப்பி என்ற அயல்நாட்டுச் சிப்பி பெருகி, தண்ணீர்க் குழாய்களை அடைத்துப் பெரும் செலவு வைத்தது. ஓகையோ மாநிலத்தின் டொலீடோ பல்கலைக்கழகம் 1990-ல் கௌரவப் பட்டம் அளிக்க லெம்மாவை அழைத்திருந்தது. சிப்பியும் நத்தையும் ஒரே இனக்கூட்டம். எண்டோடை அங்கே சோதித்தார்கள். சிப்பிகளும் செத்தன.

உடனே காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. லெம்மாவின் பெயரும் கண்டுபிடித்தவர்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் உரிமை பல்கலைக்கழகத்திடம் போயிற்று. தலைமுறைகளாக அந்தக் கொடியைக் காத்து, அதன் குணத்தை அறிந்து வைத்திருந்த எத்தியோப்பியக் கிராமத்துக்கு அதில் பங்கு என்ன என்ற கேள்வி உலக அளவில் எழுந்தது. வேம்புக்கும் மஞ்சளுக்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காப்புரிமை கொடுக்கப்பட்டு, நம் நாடு அதை எதிர்த்து வழக்காடி ரத்துசெய்ய வைத்த காலமும் அதுதான். அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது எண்டோடின் பெயரையும் சேர்த்தே பேசினார்கள்.

1997 ஏப்ரலில் லெம்மா காலமானார். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்று அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே இயங்குகிறது.

அவர் கனவு முழுதாக நிறைவேறியதா என்றால் இல்லை. பிராசிகுவான்டல் என்ற நல்ல மாத்திரை வந்ததால் உலகின் கவனம் நத்தையை விட்டு மாத்திரையின் பக்கம் போனது. நத்தைக்கு இன்றும் பெரும்பாலும் நிக்லோசமைடையே போடுகிறார்கள். ஆனால் மாத்திரை உடம்பிலுள்ள புழுவைத்தான் கொல்லும். ஓடையில் நத்தை இருக்கும்வரை மறுபடி தொற்றும். அதனால் நத்தைக் கட்டுப்பாட்டின் தேவையைப் பற்றி இப்போது மீண்டும் பேசுகிறார்கள். அப்படிப் பேசும் இடமெல்லாம் எண்டோடின் பெயர் வருகிறது.

உங்கள் ஊருக்கு என்ன?

பில்ஹார்சியா நம் ஊர்களில் மனிதர்களுக்குப் பரவும் நோயாக இல்லை. ஆனால் நத்தை மூலம் வரும் தட்டைப்புழு உங்கள் பட்டியிலேயே இருக்கலாம். குளத்தோரம் மேய்ந்த ஆடும் மாடும் மெலிந்து, கழிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரல் தட்டைப்புழு முதலான பல புழுக்கள் குளத்து நத்தைகளுக்குள் வளர்ந்துதான் புல் வழியாகவோ தோல் வழியாகவோ கால்நடைக்குள் போகின்றன. ஆகவே நத்தை அதிகமுள்ள கரையில் மேய்ச்சலைத் தவிருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் புல்லை அறுத்து அப்படியே போடாதீர்கள். வாய்ப்பிருந்தால் வாத்து விடுங்கள், நத்தையைத் தின்றுவிடும். குடற்புழு நீக்க மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சப்போனின் நத்தையை மட்டும் கொல்வதில்லை, மீனையும் கொல்லும். எண்டோடும் அப்படித்தான். செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கில்லை என்று நினைத்து, பூந்திக்கொட்டைக் கரைசலையோ வேறு எதையோ ஊர்க் குளத்தில் கொட்டிவிடாதீர்கள். அளவும் இடமும் தெரியாமல் போட்டால் மூலிகையும் விஷம்தான். லெம்மா ஒரு காயைப் பற்றி இத்தனை ஆண்டு சோதித்தது அதனால்தான்.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏரிக்கரைக்கோ வயலுக்கோ போகும்போது, பூச்சி எங்கே அதிகம் என்று மட்டும் பார்க்காதீர்கள். எங்கே இல்லை என்றும் பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கு மேலே துணி துவைப்பவரையோ, மாடு கழுவுபவரையோ, பாத்திரம் விளக்குபவரையோ பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள். அட்வாவில் லெம்மாவின் பாத்திரத்தில் நுரைத் தண்ணீரை ஊற்றிய அந்த அம்மாவின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடை அவர் கையில்தான் இருந்தது.